முத்துக்குளிப்பும் உத்தியோகமும்

உத்தியோகங்களிலும் தொழிற்சாலைகளிலும் எல்லா வகுப்பாருக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும் இடம் இருக்க வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால், உடனே நாலா பக்கத்திலிருந்தும் "தகுதி போய்விட்டது, திறமை போய்விட்டது, நிர்வாகம் குட்டிச்சுவராய்ப் போகப் போகிறது" என்கின்ற கூக்குரல் கிளம்புவதை நாம் பல காலமாய்ப் பார்த்து வருகிறோம். இந்தக் கூக்குரலைப் போடுகிறவர்களைப் பற்றி நமக்கு அவ்வளவு ஆச்சரியமில்லை. வெகு காலமாய் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவர்களுக்கு, இன்னொருவன் இலை போட வருகிறான் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் பங்கு கேட்கின்ற நம்மவர்களே இந்தக் கூச்சலுக்குப் பயந்து, "ஏதோ எங்கள் பிள்ளைகளும் பிழைத்துப் போகட்டும்" என்று கையைக் கட்டிக் கொண்டு பேசுவதுதான் நமக்கு வருத்தத்தைத் தருகிறது.

சகோதரர்களே! இது பிச்சை கேட்கின்ற விஷயமே அல்ல. ஒரு வேலை ஸ்தலத்தில் பல வகுப்பாரும் இருப்பது உள்ளே வருகிறவனுக்குச் செய்கின்ற தர்மம் என்று நினைப்பது பெரிய தப்பு. அது அந்த வேலைக்கே தேவையான காரியம். ஒரே மாதிரியான மனிதர்கள் கூடி உட்கார்ந்தால் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றாகவும், எல்லோருக்கும் தெரியாததும் ஒன்றாகவுமே இருக்கும். அந்த இடத்தில் கேள்வி கேட்பவன் இருக்க மாட்டான். கேள்வி இல்லாத இடத்தில் அறிவு வளராது, புளுகுதான் வளரும். இதை எங்கேயோ இருக்கிற தேசத்துக் கதையைச் சொல்லி நிரூபிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்துக் கடற்கரையையும் தாமிரபரணிக் கரையையும் வைத்தே நிரூபித்து விடலாம்.

படகும் கயிறும்

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்ததை இங்குள்ள பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் சர்க்காரே முன்னின்று நடத்தி வந்த தொழில் அது. குளிக்கிறவன் ஒரு கல்லைக் காலில் கொடுத்துக் கொண்டு, மூச்சை அடக்கி, ஐம்பது அறுபது அடி ஆழத்துக்கு இறங்குவான். அடியிலே ஒரு நிமிஷம் போலச் சிப்பியை வாரிப் பையில் போட்டுக் கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே படகிலிருக்கிறவன் அந்த அசைவைக் கண்டவுடன் இழுக்க வேண்டும். இழுக்கிறவன் கொஞ்சம் பராக்குப் பார்த்தால் கீழே இருக்கிறவன் பிணம். இந்தத் தொழிலில் கிறிஸ்தவரான பரதவர்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். ஒரே குளிப்புக்கு இரு சாராரும் போனார்கள். தண்ணீருக்கு அடியில் மூச்சு முட்டுகிறவனுக்கு, மேலே கயிறு பிடித்திருக்கிறவன் சிலுவை போட்டிருக்கிறானா, தொப்பி போட்டிருக்கிறானா, நெற்றியில் என்ன பூசியிருக்கிறான் என்கின்ற கவலை உண்டா? கை உறுதியாயிருக்கிறதா, கண் விழித்திருக்கிறதா என்பதுதான் அவனுக்கு வேண்டிய தகுதி. உயிர் போகிற வேலையில் ஜாதி பார்க்கிறவன் இல்லை. பங்கா சுற்றுகிற அறையில் உட்கார்ந்து காகிதம் புரட்டுகின்ற வேலையில்தான் நம் நாட்டில் ஜாதி முளைக்கிறது.

ஆனால் அந்தப் படகிலும் ஒரு பித்தலாட்டம் இருந்தது. 13வது நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து யாத்திரிகர் அதை எழுதி வைத்திருக்கிறார். சுறா மீன் கடிக்காமலிருக்க மந்திரம் போடுகிறவர்கள் என்று ஒரு கூட்டத்தார் இருந்தார்களாம். கிடைத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரவாதிக்கு இருபதில் ஒரு பங்கு! அந்த மந்திரம் பகலில் மட்டுமே பலிக்குமாம். இராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாய்க் குளிக்கக் கூடாது என்பதற்காகச் சாயங்காலமே அதை அவிழ்த்து விடுவார்களாம். தண்ணீரில் இறங்காதவனுக்கு, கயிறு பிடிக்காதவனுக்கு, துடுப்புப் போடாதவனுக்கு இருபதில் ஒரு பங்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தோடு இது ஒழிந்ததா என்றால் அதுவுமில்லை. ஐந்நூறு வருஷங்களுக்குப் பிறகு வந்த வெள்ளைக்கார சர்க்காரும் சுறா மந்திரவாதிக்குக் கூலி கொடுத்துக் கொண்டிருந்தது. படகிலிருந்த அவ்வளவு பேரும் ஒரே நம்பிக்கைக்காரர்களாய் இருந்துவிட்டார்கள். மந்திரம் போடாத ஒரு நாள் இறங்கிப் பார்ப்போமே என்று சொல்ல ஒருவன் வேண்டாமா?

குதிரை வைத்தியன்

அதே யாத்திரிகர் இன்னொரு சங்கதியும் சொல்லுகிறார். காயல் என்னும் துறைமுகத்தைப் பற்றி அவர் எழுதியதை, காயல்பட்டினத்துக்கு வடக்கேயுள்ள பழையகாயல் என்று கால்டுவெல் பாதிரியார் ஆராய்ந்து கருத்துக் கூறியிருக்கிறார். அக்காலத்துப் பாண்டிய அரசர்கள் அரபு தேசத்திலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் ஏராளமாய்க் குதிரைகள் வாங்கினார்கள். ஒவ்வொரு அரசனும் வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சவில்லை என்றும் அவர் எழுதுகிறார். காரணம் என்ன? குதிரைக்கு என்ன தீனி போடுவது, நோய் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் இந்த நாட்டில் இல்லை. தெரிந்த ஆளைக் கொண்டு வந்திருக்கலாமே என்றால், குதிரை வியாபாரிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லையாம். வைத்தியன் வந்துவிட்டால் குதிரை பிழைத்துக் கொள்ளும். குதிரை பிழைத்தால் அடுத்த வருஷம் வியாபாரம் ஏது?

தோழர்களே! இந்தக் கதையை நன்றாய் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். அரண்மனையில் மந்திரி இருந்தான், புரோகிதன் இருந்தான், சோதிடன் இருந்தான், புலவன் இருந்தான். குதிரை தெரிந்தவன் மட்டும் இல்லை. அவன் வராமலிருப்பதில் லாபம் அடைந்தவனும் ஒருவன் இருந்தான். இன்றைக்கும் ஒரு காரியாலயத்தில் இன்ன வகுப்பார் இல்லை, பெண்கள் இல்லை என்றால், "தகுதியுள்ளவர் கிடைக்கவில்லை" என்கின்ற பதிலை அப்படியே விழுங்கி விடாமல், அவர்கள் இல்லாமலிருப்பதில் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும்.

தகுதிக் கூச்சலின் கதை

1912ம் வருஷத்துக் கணக்குப்படி சென்னை மாகாணத்தில் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேராயிருந்த ஒரு வகுப்பார், ஜில்லா முன்சீப் உத்தியோகங்களில் நூற்றுக்கு 72க்கு மேல் இருந்தார்கள். டெப்டி கலெக்டர்களில் பாதிக்கு மேல் அவர்களே. மற்ற வகுப்பாருக்கெல்லாம் மூளையே கிடையாது என்று நம்பினால் ஒழிய இதைத் தகுதியின் பலன் என்று யாரும் சொல்ல முடியாது. நீதிக்கட்சி மந்திரிசபை 1921ல் முதல் வகுப்புவாரி உத்தரவைப் போட்டது. அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. பிறகு திரு. எஸ்.முத்தையா முதலியார் அவர்கள் மந்திரியாயிருந்த காலத்தில்தான், 1928ல், அது காரியத்துக்கு வந்தது. 12 உத்தியோகங்கள் என்றால் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்பட கிறிஸ்தவர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 1 என்று ஏற்பட்டது. இதில் யாரும் வெளியே தள்ளப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று பேராயிருந்தவர்களுக்கே ஆறில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் அதை "வகுப்புத் துவேஷம்" என்றார்கள். ஜனத்தொகையில் அதிகமாயிருந்த ஆதிதிராவிடருக்குப் பன்னிரண்டில் ஒன்றுதானா என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை.

இந்த உத்தரவு செல்லாதென்று 1950ல் சென்னை ஹைகோர்ட்டும், 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லின. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பலனாய் அதே 1951 ஜூன் மாதத்தில் அரசியல் சட்டமே முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 69 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் முஸ்லிம்களில் பிற்பட்டவர்களுக்கு 2007 முதல் 3.5ம், அருந்ததியருக்கு 2009 முதல் 3ம் உள் ஒதுக்கீடு.

சரி, கூச்சல் போட்டவர்கள் சொன்னபடி நாடு குட்டிச்சுவராய்ப் போயிற்றா? ஆஸ்பத்திரியை எடுத்துக் கொள்வோம். தகுதி கெட்ட டாக்டர்கள் வந்துவிடுவார்கள், ஜனங்கள் செத்துப் போவார்கள் என்றார்கள். 2020ம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி இந்தியா முழுவதும் பிறக்கிற 1,000 குழந்தைகளில் 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. தமிழ்நாட்டிலோ 13. இதற்கு வகுப்புரிமை ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. சத்துணவு, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம், நர்சுகள், சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனால் "கெட்டுப் போகும்" என்று சத்தியம் செய்தவர்களின் ஜோசியம் பலிக்கவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா? கிராமத்திலே பிறந்து வளர்ந்தவன் டாக்டரானால், கிராமத்துப் பிள்ளைத்தாய்ச்சி எதைச் சாப்பிடுகிறாள், எதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்பது அவனுக்குப் புஸ்தகம் பார்க்காமலே தெரியும். இதற்கு மார்க்குப் போடுகிற பரீட்சை இன்னும் ஏற்படவில்லை.

கறுப்பு விரலும் கருவியும்

இது நம் நாட்டு அரசியல் சண்டை மாத்திரமே என்று நினைக்கிறவர்கள், கொரோனா காலத்தை ஞாபகப்படுத்திக் கொள்ளட்டும். விரலில் மாட்டி இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்கின்ற ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவி அப்போது பட்டிதொட்டியெல்லாம் வந்தது. அதில் காட்டுகிற எண்ணைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்தார்கள். அந்தக் கருவி தோலின் வழியாக வெளிச்சத்தைச் செலுத்தி அளக்கிறது. தோல் கறுப்பாயிருந்தால் கணக்குத் தப்புகிறது. 1970களிலிருந்து வழங்கி வந்த கருவி அது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை வைத்தியர்கள் ஆராய்ந்து பார்த்தபோது, பிராணவாயு அபாயமாய்க் குறைந்திருந்தும் கருவி "சரியாயிருக்கிறது" என்று காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பரிடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று வெளியிட்டார்கள்.

கருவி செய்தவர்கள் யாரும் கறுப்பர்களைக் கொல்ல வேண்டுமென்று சதி செய்யவில்லை. செய்யும் இடத்திலும், சோதித்துப் பார்க்கும் இடத்திலும் கறுப்பு விரல் போதுமானபடி நீட்டப்படவில்லை. அவ்வளவுதான் விஷயம். "என் விரலில் மாட்டிப் பாரய்யா" என்று சொல்ல ஆளில்லாததால் வந்த வினை. நம் நாட்டில் பெரும்பாலோருடைய தோல் என்ன நிறம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டார் வண்டி கதையும் இப்படியேதான். வண்டி மோதினால் உள்ளே இருக்கிறவருக்கு என்ன ஆகும் என்று சோதிக்கப் பொம்மையை உட்கார வைத்து மோதிப் பார்ப்பார்கள். அந்தப் பொம்மை வெகு காலம் ஆண் உடம்பின் அளவிலேயே செய்யப்பட்டு வந்தது. பெல்ட் கட்டிக் கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களில், விபத்தில் பெண்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று 2011ல் அமெரிக்காவில் வர்ஜீனியா சர்வகலாசாலையார் கண்டார்கள். பெண்ணுடம்பு வேறு என்பது யாருக்குத் தெரியாது? தெரிந்தவள் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கவில்லை. உட்கார்ந்திருந்தாலும் அவள் பேச்சு ஏறவில்லை.

உள்ளே விட்டால் போதுமா?

"உட்கார்ந்திருந்தாலும் பேச்சு ஏறவில்லை" என்பதுதான் முக்கியமான இடம். பல வகுப்பாரையும் உள்ளே விட்டுவிட்டு, விட்ட பிறகு பழைய ஜாதி முறையையே நடத்தினால் பலன் என்ன என்பதற்கு, தாமிரபரணிக் கரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1922ல் திரு. வ.வெ.சு.ஐயர் அவர்கள் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் ஆரம்பித்தார். தேசத்துக்குத் தொண்டு செய்யும் வாலிபர்களைத் தயாரிப்பது அதன் நோக்கம். எல்லா ஜாதிப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 5,000 ரூபாய் கொடுத்தது; மலேயா நாட்டுத் தமிழர்களும் பணம் அனுப்பினார்கள். சேர்க்கையைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மாத்திரம் தனி இடம். ஐயர் தம்மளவில் ஜாதி பாராட்டாதவர் என்று அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்து விட்டேன் என்பதே அவருடைய சமாதானம். டாக்டர் வரதராஜுலு நாயுடு அவர்களும் பெரியார் அவர்களும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். காந்தியார் வரையில் போயும் தீரவில்லை. 1925ல் ஐயர் விலகினார். அதே வருஷம் ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டார். அவருடைய வீரத்தையும் தமிழ்த் தொண்டையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவ்வளவு படித்த, அவ்வளவு தியாகம் செய்த ஒருவர் கட்டிய ஸ்தாபனமே இரண்டு இலைகளைத் தனியாகப் போட்டதால் உடைந்தது என்றால், நம்முடைய ஆபீசுகளும் ஆலைகளும் எம்மாத்திரம்?

தனிப்பந்தி இன்று சட்டப்படி இல்லை. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணாளுக்குத் தனியிடம் என்றிருந்த வழக்கம் 1941லேயே கிளர்ச்சியினால் ஒழிந்தது. ஆனால் தனிப்பந்தி வேறு வேஷம் போட்டுக் கொண்டு வந்திருக்கிறது. பணப்பெட்டிச் சாவி யாரிடத்தில்? கணக்குப் புஸ்தகம் யாரிடத்தில்? விசேஷ நாளில் லீவு யாருக்கு, பாரா யாருக்கு? பெயரைக் கேட்டவுடன் "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று தோண்டப்படுகிறவன் யார்? யோசனை கேட்கும்போது பெண்ணைப் பார்த்து, "அம்மா, நீங்கள் காப்பிக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்" என்று அனுப்புவது எது? இவையெல்லாம் இன்றைய தனிப்பந்திகள்.

நம் ஊர்த் துணிக்கடைகளையே பாருங்கள். வேலைக்காரர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்று பெருமை பேசுகிற முதலாளிகள், அந்தப் பெண்களைக் காலை முதல் இராத்திரி வரையில் நிற்க வைத்தே வேலை வாங்கினார்கள். உட்கார ஒரு ஸ்டூல் போடு என்பதற்குத் தமிழ்நாட்டில் 2021ல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது! அந்தக் கடையின் நிர்வாகத்தில், நாள் முழுதும் நின்று கால் வீங்கிய ஒரு பெண் இருந்திருந்தால் சட்டசபை வரை இது போயிருக்குமா?

நூற்றுக்கு நூறு

ஒதுக்கீடு என்றாலே எரிச்சல் படுகிறவர்களை நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்குகின்ற வேலையை இந்த நாட்டில் யார் ஒதுக்கினார்கள்? எந்தச் சர்க்கார் உத்தரவு போட்டது? எந்தக் கோர்ட்டில் அதை எதிர்த்து யார் வழக்குப் போட்டார்கள்? 1993லும் 2013லும் மனிதன் மலம் அள்ளுவதைத் தடுத்துச் சட்டம் வந்தும், குழியில் இறங்கி மூச்சு முட்டிச் சாகின்ற செய்தி நிற்கவில்லை. சாகிறவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகையை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023ல் சுப்ரீம் கோர்ட்டு உயர்த்தியது. நகரங்களில் சாக்கடை, மலக்குழித் தொழிலாளிகளை மத்திய சர்க்கார் கணக்கெடுத்து 2024ல் வெளியானபடி, அவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பேர் தாழ்த்தப்பட்ட, மலைவாழ், பிற்பட்ட வகுப்பார். அங்கே மாத்திரம் "தகுதி திறமை பார்த்து எல்லா வகுப்பிலிருந்தும் எடுக்க வேண்டும்" என்று ஒருவரும் கூட்டம் போடவில்லையே, ஏன்? மேல்ஜாதிக்காரன் பிள்ளை ஒருவன், ஒரே ஒரு நாள், அந்தக் குழியில் இறங்க வேண்டுமென்று ஏற்பட்டால் மறுநாள் காலையில் அந்த வேலைக்கு இயந்திரம் வந்துவிடும். ஒரு வேலையை ஒரே ஜாதிக்கு ஒதுக்கி வைத்தால், அந்த வேலையைச் சீர்திருத்த வேண்டுமென்கின்ற எண்ணமே மற்றவர்களுக்கு வராது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

மேல் உத்தியோகத்தில் நிலைமை நேர் எதிர். முஸ்லிம்கள் ஜனத்தொகையில் நூற்றுக்கு 13க்கு மேல் இருந்தும், ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தில் நூற்றுக்கு 3ம், ஐ.பி.எஸ்.ஸில் 4மே இருந்ததாக 2006ல் சச்சார் கமிட்டி சொல்லிற்று. 1950ல் ஆரம்பித்த சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பெண் ஜட்ஜாய் உட்கார 1989 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி வந்த பாத்திமா பீவி அம்மையார் ஒரு முஸ்லிம் பெண் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் வீட்டுச் சங்கதி

நிற்க, இதுவரையில் மற்றவர்களைச் சொன்னோம். இனி நம்மையும் பார்த்துக் கொள்ள வேண்டும். ஏனென்றால், மேலே இருப்பவன் நம்மைச் சேர்க்கவில்லை என்று முறையிடுகிறவனே, தன் கடைக்கு ஆள் வைக்கும்போது என்ன செய்கிறான்? நாடார் கடைக்கு நாடார் பையன், முஸ்லிம் கடைக்கு ஜமாத்துப் பையன், பிள்ளைமார் கடைக்குப் பிள்ளைமார் பையன் என்பதுதானே வழக்கம்? கூட்டத்தில் சுயமரியாதை பேசுகிற தோழர்கள்கூட வீட்டுக்குப் போனவுடன் கல்லாப்பெட்டியில் மைத்துனனை உட்கார வைக்கிறார்கள். கேட்டால், "நம்மவன் என்றால் நம்பிக்கை" என்பார்கள். இந்த நம்பிக்கையின் யோக்கியதை என்ன? மருமகன் கணக்கு எழுத, மாமன் கையெழுத்துப் போட, இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்காமலே பத்து வருஷம் கழித்துக் கடை மூழ்குவதை நாம் பார்த்ததில்லையா? வெளியிலிருந்து ஒருவன் வந்தால் "இது ஏன் இப்படி?" என்று கேட்பான். சொந்தக்காரனுக்கு அந்தக் கேள்வி வராது. வந்தாலும் வாய் வராது. முதல் சில நாள் பேச்சு ஒத்துப் போகாது, பழக்கம் ஒத்துப் போகாது என்பது வாஸ்தவம். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து கண்ணை மூடிக் கொண்டால் நஷ்டம் யாருக்கு?

காயல்பட்டினத்து வியாபாரிகளுக்கு நாம் இதைக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. கொழும்பிலும் ஹாங்காங்கிலும் போய், பாஷை தெரியாத ஊரில், வேறு மதத்தாரோடு கூடி வியாபாரம் நடத்தியவர்கள் அவர்கள். கடல் கடந்து செய்கிற காரியத்தைச் சொந்தத் தெருவில் செய்யத் தடை என்ன? அது போகட்டும், காயலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வீடு பெண்ணுக்குச் சேருகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்கிறார். மற்ற ஊர்ப் பெண்களுக்குக் கல்யாணமானவுடன் நிற்க ஒரு திண்ணைகூடச் சொந்தமில்லாதபோது, காயல் பெண்ணுக்குக் காலடியில் சொந்த மண் இருக்கிறது. ஊரிலேயே 2006 முதல் பெண்கள் கல்லூரியும் இருக்கிறது. வீடும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. ஆனால் படித்து முடித்த பெண்ணுக்கு ஊர்க் கடையிலும், பள்ளி நிர்வாகத்திலும், ஆஸ்பத்திரிக் கமிட்டியிலும் நாற்காலி எத்தனை? இதற்குப் பதில் காயல் ஆண்கள்தான் சொல்ல வேண்டும்.

முடியாத காரியமா இது? பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி சர்க்கார் இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்த நிகர் ஷாஜி என்கின்ற முஸ்லிம் பெண்மணிதான், சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2ந் தேதி அனுப்பப்பட்ட ஆதித்யா விண்கலத்தின் திட்டத்துக்கே டைரக்டராயிருந்து நடத்தினார். அவரை உள்ளே விட்டதால் விண்கலம் கடலில் விழுந்து விட்டதா? 15 லட்சம் கிலோமீட்டர் தாண்டிச் சொன்ன இடத்தில் போய் நின்றது.

இப்போது திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் கட்ட 2024 பிப்ரவரி 28ந் தேதி அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். இங்கிருந்து ஏவினால் இலங்கையைச் சுற்றிக் கொண்டு போகாமல் நேரே தெற்கே போகலாம் என்பது காரணம். வரட்டும், சந்தோஷம். ஆனால் அந்த மதிலுக்குள்ளே நம் கடற்கரைப் பரதவர் பிள்ளை, அருந்ததியர் பிள்ளை, உடன்குடிப் பனையேறி பிள்ளை, ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்புச் சுமக்கிற பெண்ணின் மகள், காயல் முஸ்லிம் பெண் இவர்களெல்லாம் இன்ஜினீயராய் நுழையப் போகிறார்களா, அல்லது கூட்டிப் பெருக்கவும் வாசலில் பாரா நிற்கவும் மட்டுமா என்பதை இன்றே கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால், "தகுதியுள்ளவர் கிடைக்கவில்லை" என்கின்ற பழைய பல்லவிதான் பதிலாய் வரும்.

செய்ய வேண்டியது

இந்தக் கரை மக்களுக்குச் சேர்ந்து வேலை செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1906ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது பாண்டித்துரைத் தேவர் தலைவராயிருந்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வியாபாரி வாங்கினார். 1908ல் கோரல் மில் தொழிலாளிகள் கூடி வேலை நிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கினார்கள். சேர்ந்து நின்றவரையில் வெள்ளைக்காரன் பயந்தான்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். முதலாளிகளே, வேலை காலி என்றால் மைத்துனன் காதில் மட்டும் சொல்லாமல் ஊரறிய எழுதிப் போடுங்கள். விண்ணப்பத்தில் ஜாதியும், தெருவும், தகப்பன் பெயரும் தெரியாதபடி மறைத்து வைத்து வேலையைப் பார்த்து ஆளை எடுங்கள். எடுத்த பிறகு ஒரே பானைத் தண்ணீர், ஒரே மேஜைச் சாப்பாடு. சாவியும் கணக்கும் எல்லோர் கைக்கும் முறை வைத்து வரட்டும். உங்கள் ஸ்தாபனத்தில் எந்த வகுப்பார் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் எண்ணி வெளியிடுங்கள். எண்ணப் பயப்படுகிறவனிடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தொழிலாளத் தோழர்களே, உங்கள் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியை முதலில் பாருங்கள். அதிலே துப்புரவுத் தொழிலாளி இருக்கிறாரா? பெண் இருக்கிறாரா? இல்லையென்றால் முதலாளியைக் கேட்க உங்களுக்கு வாய் ஏது?

வாலிபர்களே, எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் தயவு தாக்ஷண்யத்தால் உள்ளே விடப்பட்டவர்களைப் போல் ஒதுங்கி நிற்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதற்காகவே நீங்கள் அங்கே தேவைப்படுகிறீர்கள். சுறாவுக்கு மந்திரம் போடுகிறேன் என்று ஒருவன் பங்குக்கு வந்தால், "ஒரு நாள் போடாமல் விடு, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். சொன்னவனை வெளியே தள்ளாமல் காப்பாற்றுவது மற்றவர்கள் கடமை.